கிலோ இருநூறு ரூபாய்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசுக் கணக்கு சொல்லிக்கொடுப்பதைப் போல சுகமான வேலை வேறு கிடையாது என்பது தேவிப்பிரியா டீச்சரின் தீர்மானமான எண்ணம். அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும் அந்த எண்ணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

"ஏழும் எட்டும் எத்தனை?" என்று வெறுமனே கேட்டால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்ப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள், டீச்சரின் புடவையில் இருக்கிற பூவை எண்ணுவார்கள். "ஏழு ரூபாய்க்கு முறுக்கு, எட்டு ரூபாய்க்கு ஐஸ். கடைக்காரருக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டுப் பாருங்கள். சுவரில் சாய்ந்து கிடக்கிறவனும் நிமிர்ந்து உட்கார்ந்து பதினஞ்சு என்பான். காசு என்றால் தூக்கம் போய்விடும். பெரியவர்களுக்கும் அப்படித்தானே.

பள்ளிக்கூடம் பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இரண்டே ஆசிரியர்கள். நாலும் அஞ்சும் தலைமையாசிரியர் தர்மன் சாருக்கு, ஒன்றும் இரண்டும் மூன்றும் தேவிப்பிரியாவுக்கு. பயிற்சிப் புத்தகத்தோடு வந்த காகித ரூபாய்களைப் பிள்ளைகள் போன வாரமே கிழித்தும் மடித்தும் கப்பல் விட்டும் தீர்த்துவிட்டார்கள். அதனால் முந்தின நாள் மாலையில் அவள், "நாளைக்கு எல்லாரும் காசு மாதிரி வட்டமா எதையாவது கொண்டுவாங்க. கடை விளையாட்டு விளையாடலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வந்து சேர்ந்தது எல்லாம் வட்டம்தான். சோடா மூடி, சட்டைப் பொத்தான், அப்பா வண்டியிலிருந்து கழற்றியதோ கழன்று விழுந்ததோ தெரியாத வாஷர். ஜாஸ்மின் மட்டும் அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு வட்டம் ஒரு ரூபாய் என்று பேச்சு. ஒவ்வொருவரும் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

பாரதியின் முறை வந்தது. ஏழு வயது, ஒல்லிக் குச்சி, பேச்சு மட்டும் பெரிய மனுஷி. அவள் ஒரு ஊறுகாய் டப்பாவைத் திறந்து உள்ளே இருந்ததைப் பாலித்தீன் பையில் கொட்டினாள். பையின் வாயைப் பிடித்துத் தூக்கி, கையில் இரண்டு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"கால் கிலோ டீச்சர்" என்றாள்.

தேவிப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. "காசை யாராச்சும் கிலோவுல சொல்லுவாங்களாடா? ரூபாய்ல சொல்லு."

"அம்பது ரூவா டீச்சர்."

"எண்ணாமலே சொல்றியே, அப்படி என்ன கொண்டுவந்திருக்க?" என்று கேட்டுக்கொண்டே பையைக் கையில் வாங்கினாள். கனத்தது. உள்ளே பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொத்தானும் இல்லை, மூடியும் இல்லை. நடுவில் வெள்ளை, சுற்றிலும் மஞ்சள். அசல் பத்து ரூபாய் நாணயங்கள்.

முதலில் ஓடிய நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. கோயில் உண்டியல் ஒன்று கண்முன் வந்து போனது. வந்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். குரலைத் தாழ்த்தி, "இது யாரோடது பாரதி? அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அம்மாதான் எடுத்துக் குடுத்துச்சு. செல்லாத காசு டீச்சர். எங்க வூட்ல நெறைய கெடக்குது."

தேவிப்பிரியா பையை மேசைமேல் கவிழ்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றார்கள். பத்துப் பத்தாகக் குவியல் வைத்தார்கள். மூன்று குவியல், மேலே இரண்டு. ஒரு குவியல் நூறு ரூபாய் என்று கரும்பலகையில் எழுதி, நூறு, இருநூறு, முந்நூறு என்று பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணி, முந்நூற்று இருபது என்று பெரிதாக எழுதி அடியில் கோடும் போட்டாள். பாரதி அந்த எண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இல்ல டீச்சர். கிலோ எரநூறு ரூவா. அரக்கிலோ நூறு. கால் கிலோ அம்பது."

கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை இருநூறை நாலாக வகுத்துச் சொல்கிறது. வேறொரு நாளாக இருந்தால் தேவிப்பிரியா தூக்கி வைத்துக் கொஞ்சியிருப்பாள். இப்போது பாரதியின் பக்கம் குனிந்தாள்.

"யாரு கிலோ இருநூறு ரூபாய்க்கு எடுக்கறா?"

"பழைய இரும்புக்காரரு டீச்சர். எக்ஸெல் வண்டில வருவாரே, முருகேஷ் அண்ணன்."

தேவிப்பிரியா மற்றப் பிள்ளைகளைப் பார்த்தாள். ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை. ஊர் முனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஜமீரின் பையன் முதசிர், டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கத்தோடு, "அது செல்லாது டீச்சர். எங்க கடையிலயே வாங்க மாட்டோம்" என்றான். பின்னால் நாலைந்து குரல்கள், "ஆமா டீச்சர், பஸ்லயும் வாங்க மாட்டாங்க" என்றன. கரும்பலகையில் முந்நூற்று இருபது என்று எழுதி வைத்திருக்கிற ஒரே முட்டாள் டீச்சர்தான் என்பதில் வகுப்பு முழுக்க ஒரே கருத்து.

அந்தக் காசு செல்லும். அது தேவிப்பிரியாவுக்குத் தெரியும். எல்லாருக்குமே தெரியும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பேப்பரில் போட்டாயிற்று, போனுக்கு மெசேஜ் வந்தாயிற்று, பேங்கில் வாங்குகிறார்கள். கடையில் வாங்க மாட்டார்கள், பஸ்ஸில் முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதானே. அவளுடைய வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒரு கிண்ணத்தில் பதினைந்து இருபது கிடக்கிறது. கோயிலுக்குப் போகும்போது உண்டியலில் போட்டுவிடுவாள். ஐம்பது ரூபாய்க் காய்கறிக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? சம்பளம் பேங்கில் வந்து விழுகிறவர்களுக்கு அது சில்லறைத் தொந்தரவு. கூலியே அதில் வருகிறவர்களும் இருப்பார்கள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"உங்க அம்மாவுக்கு இவ்வளவு காசு எப்படிடா வந்துச்சு?"

"குடோன்ல குடுப்பாங்க டீச்சர். புளி தட்டிக் கொட்ட எடுக்கற கூலி. சனிக்கெழம சனிக்கெழம நோட்டு கொஞ்சம், இது கொஞ்சம்." பாரதி குவியலைத் தொட்டுக் காட்டினாள். "இன்னிக்கு மத்தியானம் முருகேஷ் அண்ணன் வருவாரு. அதுக்குத்தான் அம்மா வேலைக்குப் போவல. வூட்ல ரெண்டு கிலோ இருக்குது. நானூறு ரூவா வந்தா நாங்க அக்காவப் பாக்கத் திருப்பூர் போறோம் டீச்சர்!"

அக்கா என்றால் பூவிழி. இதே பள்ளிக்கூடத்தில் படித்துப் போனவள். பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கி இனிப்பு கொண்டுவந்து கொடுத்தது போன மே மாதத்தில்தான். பாலிடெக்னிக் சேரப் போகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்புறம் ஒரு நாள், திருப்பூர் மில்லுக்கு ஆள் எடுக்கிற வண்டியில் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது, தேவிப்பிரியா உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

இரண்டு கிலோ என்றால் எத்தனை காசு? கால் கிலோவுக்கு முப்பத்திரண்டு. கிலோவுக்கு நூற்று முப்பது போல வரும். இரண்டு கிலோவுக்கு இருநூற்று அறுபது. இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதை நானூறுக்குப் போடுவதற்காக ஒரு பெண்பிள்ளை ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். 

சாப்பாட்டு மணி அடித்ததும் தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். தர்மன் சார் நல்ல மனிதர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவம்தான் மேடம். ஆனா அது நம்ம ஊர்ல செல்லாதே" என்றார்.

"சார்! நம்ம ஊர் எந்த நாட்டுல சார் இருக்கு?"

அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். குண்டூசி, சுண்ணக்கட்டி, முத்திரை மை, நடுவில் ஒரு பிடி பத்து ரூபாய் நாணயங்கள். "எம்.ஏ., பி.எட். படிச்சவன் வெச்சிருக்கறது இது. நானே மாத்த முடியாம வெச்சிருக்கேன்" என்று சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. தான் சொன்னது தன் காதில் விழுந்திருக்க வேண்டும். "போயிட்டு வாங்க மேடம். கிளாஸை நான் பார்த்துக்கறேன். சீக்கிரம் போங்க" என்றார்.

பாரதியை ஸ்கூட்டியின் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு ஓட்டினாள். வழியெல்லாம் பாரதி உற்சாகமாகத் திருப்பூர் பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். தேவிப்பிரியாவின் காதில் எதுவும் ஏறவில்லை. முருகேஷ் வந்திருக்கக்கூடாது, வந்திருக்கக்கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வந்திருந்தான். எக்ஸெல் வண்டி வேலியோரம் நின்றது. இரண்டு பக்கமும் கோணிப் பைகள், பின்னால் ஓட்டைப் பிளாஸ்டிக் குடங்கள். ஒற்றை அறை வீட்டின் வாசலில் செல்லி நின்றிருந்தாள். பாரதியின் அம்மா. நாற்பது வயதுகூட இருக்காது. புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகிறது. புளி தட்டித் தட்டி விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அந்த விரல்களுக்கு நடுவில் நாலு நூறு ரூபாய் நோட்டுகள். முருகேஷ் தொங்கு தராசைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஒரு துணி மூட்டை அவன் கோணிக்குள் பாதி இறங்கியிருந்தது.

"நிறுத்துங்க! அதை எடுக்காதீங்க!" என்று தேவிப்பிரியா போட்ட சத்தத்தில் முருகேஷ் மூட்டையைக் கீழே விட்டுவிட்டான். கலகலவென்று காசு சத்தம் கேட்டது.

"டீச்சர், பாப்பா எதுனா பண்ணிட்டாளா?" என்று செல்லி பதறினாள்.

"அவ ஒண்ணும் பண்ணலை. அக்கா, அந்த நானூறைத் திருப்பிக் குடுத்துடுங்க. அது நல்ல காசு. ஒவ்வொண்ணும் பத்து ரூபாய். பேங்க்ல அப்படியே வாங்கிப்பாங்க."

செல்லி நோட்டை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முருகேஷைத் திருடன் என்று நினைத்துத் தேவிப்பிரியா அவன்மேல் பாய்ந்தாள். "மனசாட்சி இருக்கா உங்களுக்கு? ரெண்டாயிரத்து அறுநூறு ரூபாயை நானூறு குடுத்து வாங்கிட்டுப் போறீங்களே!"

"அய்யய்ய, என்ன டீச்சர் நீங்க" என்றான் அவன். கோபம்கூட வரவில்லை அவனுக்கு. "நான் என்ன எண்ணியா வாங்கறேன்? பெங்களூர் லோடு வண்டிக்காரர் ஒருத்தரு எங்கிட்ட கிலோ நானூறுக்கு எடுத்துக்கறாரு. அங்க உருக்கறாங்கன்னு நெனச்சேன்."

"கர்நாடகாவுல கடையில வாங்கறாங்க. பார்டர் தாண்டினா டீக்கடையிலயே செல்லும். அது உங்களுக்குத் தெரியாதா?"

முருகேஷ் கோணியைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான்.  தெரியாதவனா, தெரிந்துகொள்ளாமல் இருந்தவனா என்று தேவிப்பிரியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் அவன், "எனக்கென்ன டீச்சர், நானூற குடுத்தா மூட்டைய வெச்சுட்டுப் போறேன்" என்றான்.

செல்லி கொடுக்கவில்லை. "டீச்சர், கோச்சுக்காதீங்க. இதயும் குடுத்துட்டு நான் எதுல திருப்பூர் போறது? அவ போன்ல அழுவறா. ஞாயித்துக்கெழமதான் மில்லு ஹாஸ்டல்ல உள்ள வுடுவாங்க." பேங்க் என்கிற இடம் எங்கேயோ இருக்கிறது. நானூறு ரூபாய் கையில் இருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

தேவிப்பிரியா கைப்பையைத் திறந்தாள். மாதக் கடைசி. நூறும் இருநூறுமாகத் தேடி நானூறு ரூபாயை எடுத்து முருகேஷிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு, மூட்டையை வாசலில் வைத்துவிட்டு, எதற்கு வம்பு என்று வண்டியை மிதித்துக் கிளப்பிப் போனான். பிறகு அவள் மண்ணிலேயே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து நாற்பது காசை எண்ணி எடுத்தாள். நாலு குவியல். அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"பாருங்க. நான் அவருக்குக் குடுத்த நானூறுக்கு இந்த நாப்பது காசு சரியாப் போச்சு. உங்க கையில இருக்கற நானூறும் உங்களோடதுதான். மிச்சம் இருக்கற காசும் உங்களோடதுதான். இப்பவே நான் பேங்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன்."

செல்லி அந்தக் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் காசை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டதை நம்ப முடியாதவளைப் போலப் பார்த்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு ஏன் டீச்சர் வாங்கல?" என்று கேட்டாள்.

"என்னிக்கு?"

"பள்ளிக்கூடம் தொறந்த மாசங்க. ஐடி அட்டைக்குப் போட்டோ எடுக்க இருபது ரூவா கேட்டீங்கல்ல. ரெண்டு காசு குடுத்து வுட்டேனே பாப்பாகிட்ட."

தேவிப்பிரியாவுக்கு நினைவில்லை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"நோட்டு இருந்துச்சுங்க எங்கிட்ட. வேணும்னேதான் காசக் குடுத்து வுட்டேன்" என்று செல்லி சொன்னாள். "கடக்காரன் செல்லாதுங்கறான், பஸ்காரன் செல்லாதுங்கறான். அவுங்கல்லாம் சொல்லிட்டா ஆச்சா? அத நம்பி மூட்டயக் குடுத்துருவனா நான்? இந்த முருகேஷு ஒரு வருசமா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். நான் குடுக்கவே இல்ல. படிச்சவங்க யாராச்சும் சொல்லட்டும்னு இருந்தேன். நம்ம டீச்சர் வாங்கிக்கிட்டாங்கன்னா செல்லும்னு அர்த்தம், அப்படியே மூட்டயத் தூக்கிட்டுப் போயி பாலிடெக்னிக்ல கொட்டி, எண்ணிக்கோங்கய்யான்னு சொல்லிடலாம்னு இருந்தேன். பூவிழிக்குப் பீஸு கட்டக் கடைசி தேதி அந்த வாரந்தான். சாயங்காலம் பாப்பா ரெண்டையும் திருப்பிக் கொண்டாந்துடுச்சு."

"நீங்க செல்லாதுன்னு சொன்னீங்க டீச்சர்" என்றாள் பாரதி. குறை சொல்லும் குரல் இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல். "நோட்டு கொண்டான்னு சொன்னீங்க."

அப்போது நினைவு வந்தது. வராண்டாவில் போட்டோக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரிசையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு சின்னக் கை இரண்டு காசை மேசையில் வைத்தது. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது செல்லாதுடா, நாளைக்கு நோட்டு கொண்டா" என்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். போட்டோக்காரர் வாங்கமாட்டாரே என்ற நினைப்பு. மொத்தமே இரண்டு நொடிதான் இருக்கும். அந்த இரண்டு நொடிக்காக ஒரு தாய் வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.  

"எனக்குத் தெரியாதுங்க அக்கா. நான் ஏதோ அவசரத்துல..." என்றாள். 

"அய்யோ, உங்கள ஒண்ணும் சொல்லலீங்க டீச்சர்" என்று செல்லி உடனே சொன்னாள். அப்படி அவள் சொல்லாமல் திட்டியிருந்தால் தேவலாம். "மறுநாளே எடைக்குப் போட்டுட்டேன். ஆறு தடவ வெச்சான் தராசுல. ஆறு கிலோ. ஆயிரத்து எரநூறு குடுத்தான். அதுல பூவிழிக்கு ஒரு பையி, செருப்பு, ரெண்டு சுடிதாரு எடுத்துக் குடுத்து மில்லு வண்டில ஏத்தி வுட்டேன்."

 செல்லி மூட்டையிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், ஆறு கிலோன்னா எவ்ளோ ரூவா வரும்?"

தேவிப்பிரியாவுக்கு விடை எப்போதோ தெரிந்துவிட்டது. அவள் கேட்கும் முன்பே மனசு பெருக்கி வைத்துவிட்டது. அதைச் சொல்லும் தைரியம்தான் இல்லை. "அதெல்லாம் இப்ப எதுக்குங்க அக்கா? போனது போகட்டும். முதல்ல இதைப் பேங்க்ல..." என்று இழுத்தாள்.

"நான் சொல்றேம்மா!" என்று பாரதி துள்ளி எழுந்தாள். "டீச்சர் இன்னிக்குத்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"வேண்டாம் பாரதி. அது பெரிய கணக்கு. அப்புறம் போடலாம்."

"எனக்கு வரும் டீச்சர்."

வாசலில் காயப் போட்டிருந்த புளியங்கொட்டையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு கொட்டை நூறு ரூவா. சரியா டீச்சர்? கால் கிலோவுக்கு மூணு, மேல ரெண்டு காசு. ஒரு கிலோவுக்கு?" என்று நிமிர்ந்து பார்த்தாள்.

கணக்கு அங்கேயே நின்றுபோயிருக்கலாம். ஆனால் செல்லியே, "எண்ணிப் பாத்துரலாம் இரு" என்று, சமையல் மூலையிலிருந்து தன் பழைய கைத்தராசைக் கொண்டுவந்தாள். ஒரு தட்டில் கிலோக்கல்லை வைத்து, மறு தட்டு சரிக்குச் சரி ஆகும் வரை காசை அள்ளிப் போட்டாள். பாரதி அதைப் பத்துப் பத்தாகக் குவித்தாள். பதின்மூன்று குவியல் வந்தது. தேவிப்பிரியா இதை எல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தடுக்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது?

"ஒரு கிலோவுக்குப் பதிமூணு கொட்டை" என்று பாரதி பதின்மூன்று கொட்டைகளை வரிசையாக வைத்தாள். அதன் கீழே இன்னொரு பதின்மூன்று. அதன் கீழே இன்னொன்று. ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசை முடியும்போதும் செல்லி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டாள். பாரதி விரலால் ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு, ஒன்றில் ஆரம்பித்தாள். இருபது தாண்டினாள், நாற்பது தாண்டினாள். ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு வழக்கமாகத் தடுமாறுவாள். இன்று தடுமாறவில்லை.

"எழுபத்தெட்டு! எழுபத்தெட்டு நூறு டீச்சர்!"

செல்லி அந்தக் கொட்டைகளைக் கண் எடுக்காமல் பார்த்தாள்.  எண்ணிக்கை பெரியது என்பது புரிந்துவிட்டது, எவ்வளவு பெரியது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அக்காவுக்குப் பீஸு அஞ்சாயிரம் கேட்டாங்க. அது எத்தினி கொட்டை பாப்பா?" என்றாள்.

பாரதி ஆயிரத்துக்குப் பத்து என்று விரல் விட்டுப் பார்த்தாள். "அம்பது."

"இதுல அம்பது இருக்குதா?"

"இரும்மா, எடுத்து வெக்கறேன்."

ஒவ்வொன்றாக எடுத்துத் தனியே வைத்தாள். சின்ன விரல்கள். அவசரம் இல்லை. செல்லியும் குனிந்து, தேவிப்பிரியாவும் குனிந்து, மூன்று பேரும் அதையே பார்த்தார்கள். ஐம்பதாவது கொட்டையை வைத்துவிட்டு பாரதி மிச்சத்தை எண்ணினாள். முகம் முழுக்க மலர்ந்தது. இவ்வளவு பெரிய கழித்தல் கணக்கை அவள் இதற்கு முன் போட்டதே இல்லை.

"அக்கா பீஸு போவ இன்னும் இருபத்தெட்டு மிச்சம் இருக்குதும்மா! சரியா டீச்சர்?"

பதினொரு வருஷமாகப் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துகிறவள் தேவிப்பிரியா. ஒரு பிள்ளையின் விடை தப்பாக இருக்கக்கூடாதா என்று அவள் ஏங்கியது இதுதான் முதல் தடவை. வரிசையை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். பாரதி பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லியும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள்.